ஒரு தேஜஸுக்கு எத்தனை கண்ணாடிப் பாலம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நம் கடற்படைக்குப் பிரான்சிடமிருந்து வாங்கும் ரஃபேல்-எம் போர் விமானத்தின் விலை பற்றி ஒரு வரி எழுதப்போக, குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்றாகிவிட்டது. வீதிக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள், கூப்பிடு தூரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம், வடக்கே இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரி, கேட்காமல் இருப்பார்களா? பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே.

கன்னியாகுமரி வாசகர்: அண்ணாச்சி, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடியில் கண்ணாடிப் பாலம் கட்டியதையே இங்கே பெரிய செலவு என்று பேசினோம். ஒரு போர் விமானம் எத்தனை பாலம் வரும்?

பதினேழு. அதுவும் நம் நாட்டிலேயே செய்கிற, ஒற்றை எஞ்சின் கொண்ட சின்ன விமானமான தேஜஸுக்கு. 2025 செப்டம்பரில் 97 தேஜஸ் மார்க்-1ஏ வாங்க அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல்.லோடு போட்ட ஒப்பந்தம் வரி நீங்கலாக 62,370 கோடி ரூபாய், வகுத்தால் ஒன்றுக்கு 643 கோடி. எஞ்சினை மட்டும் தனியாக எடுத்தாலே ஒன்றரைப் பாலம் ஆகிறது: 2021இல் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது விலை 5,375 கோடி, அதாவது ஒன்று 54 கோடி. நம் விமானப்படையின் பெரிய போர் விமானமான சுகோய்-30இன் எஞ்சின் இன்னும் பெரியது. 2024 செப்டம்பரில் 240 எஞ்சின்களுக்கு 26,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள், ஒன்று 108 கோடி, ஒரு சுகோய்க்கு இரண்டு வேண்டும். கணக்கு போதுமா?

நாகர்கோவில் வாசகர்: 36 ரஃபேல் 59,000 கோடி என்றால் ஒன்று 1,640 கோடி. இப்போது 26 ரஃபேல்-எம் 63,000 கோடி, ஒன்று 2,420 கோடி. ஒன்பதே வருடத்தில் ஒன்றரை மடங்கு. யார் பையில் போகிறது இந்த வித்தியாசம்?

நீங்கள் போட்ட வகுத்தலைத்தான் நானும் மேலே போட்டிருக்கிறேன், டிவி விவாதத்தில் எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் விமான விலையில் குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கல்யாண மண்டபம் பேசும்போது வாடகை மட்டுமா, சாப்பாடு, அலங்காரம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்தா என்று கேட்காமல் இரண்டு மண்டபத்தை ஒப்பிடுவோமா? 2016 செப்டம்பர் ஒப்பந்தத்தில் விமானம் தவிர ஏவுகணைகள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், உதிரி பாகங்கள், பராமரிப்பு எல்லாம் உள்ளே இருந்தன. 2025 ஏப்ரல் ஒப்பந்தத்தில் 22 ஒற்றை இருக்கை, 4 இரட்டை இருக்கை விமானங்களோடு ஆயுதம், பயிற்சி, சிமுலேட்டர், ஐந்து வருடப் பராமரிப்பு, இவற்றோடு விமானப்படையிடம் ஏற்கெனவே இருக்கிற ரஃபேல்களுக்கான சில கூடுதல் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. பிறகு இது கப்பலில் இறங்குகிற விமானம், ஓடுதளத்தில் மெதுவாகச் சாய்ந்து இறங்க முடியாது, தளத்தில் மோதுவது போல இறங்கிக் கொக்கியில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும், அதற்குக் காலும் உடம்பும் பலமாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நாம் ரூபாயில் வகுக்கிறோம், பிரான்சுக்குக் கொடுப்பது யூரோவில். 2016இல் ஒரு யூரோ சுமார் 75 ரூபாய், 2025 ஏப்ரலில் 97ஐ ஒட்டி இருந்தது. யூரோவிலேயே கணக்குப் போட்டால் முதல் ஒப்பந்தத்தில் ஒன்று ஏறக்குறைய 22 கோடி யூரோ, இரண்டாவதில் 25 கோடி. நீங்கள் சொல்லும் ஒன்றரை மடங்கு இப்போது 14 சதவீதமாகச் சுருங்கிவிட்டது பாருங்கள், மீதி முழுக்க நம் ரூபாய் இறங்கியதால் வந்தது. கமிஷன் கேள்வியை நான் தள்ளவில்லை, 2019இல் தலைமைத் தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கையிலேயே ரஃபேல் விலை விவரங்களை மறைத்துத்தான் அச்சிட்டார்கள், மறைத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் கணக்கு அதற்குச் சாட்சி ஆகாது.

களியக்காவிளை வாசகர்: திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் எஃப்-35 போர் விமானம் ஐந்து வாரத்துக்கு மேல் மழையில் நின்றதே, அவ்வளவு விலை கூடின விமானம் ரிப்பேராகி நிற்பது வெட்கம் இல்லையா?

வெட்கப்படுகிற ஆட்களாக இருந்தால் கேரள சுற்றுலாத் துறை அந்தப் படத்தைப் போட்டு 'இங்கிருந்து போகவே மனமில்லை' என்கிற பாணியில் விளம்பரம் செய்ததற்குக் கோபப்பட்டிருப்பார்கள், பிரிட்டிஷ்காரர்களும் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். நடந்தது இதுதான். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி, வானிலை சரியில்லாமல், எரிபொருளும் குறைந்து 2025 ஜூன் 14 அன்று இறங்கியது. திரும்பப் புறப்படும்போது ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. கப்பலிலிருந்து வந்தவர்களால் சரிசெய்ய முடியவில்லை. ஜூலை 6ஆம் தேதி பிரிட்டனிலிருந்து ஒரு குழுவே தனி விமானத்தில் கருவிகளோடு வந்து, அதை ஏர் இந்தியாவின் விமானக் கொட்டகைக்குள் இழுத்துப் போய் வேலை பார்த்து, ஜூலை 22 அன்று கிளப்பினார்கள். நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை 26 ஆயிரம் சொச்சம் என்று பேப்பரில் வந்தது, அந்த விமானத்தின் செலவில் அது ஒரு தூசு.

கவனிக்க வேண்டியது அந்தக் குழு வந்த விஷயத்தைத்தான். இந்த விமானத்தை எந்த மெக்கானிக்கும் திறந்து பார்க்க முடியாது, ரேடாரில் படாமல் இருக்கப் பூசிய மேல்பூச்சையே கண்டபடி தொடக்கூடாது, பயிற்சி பெற்ற ஆளும் அதற்கென்றே செய்த கருவியும் வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2023இல் சொன்னது, அந்த ஆண்டு மார்ச்சில் அவர்களுடைய எஃப்-35களில் 55 சதவீதம்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று. அதே அலுவலகம் 2024இல் கொடுத்த மதிப்பீட்டில், இந்த விமானங்கள் ஓய்வு பெறும்வரை பராமரிக்க மட்டுமே 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும். ரூபாய் இல்லை, டாலர். வாங்குகிற காசை மட்டும் பார்த்து விலை சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மழை என்றதும் இன்னொன்று. 2008 பிப்ரவரியில் குவாம் தீவில் ஒரு பி-2 குண்டுவீச்சு விமானம் மேலே எழும்பிய உடனே விழுந்து எரிந்தது, விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். காரணம், காற்றழுத்தம் அளக்கிற சென்சார்களில் ஈரம் ஏறி, கம்ப்யூட்டருக்குத் தவறான வேகமும் கோணமும் போனது. போனது 140 கோடி டாலர். நம் ஊர் ஐப்பசி மழையை அது பார்க்கவில்லை.

திங்கள்சந்தை வாசகி: எஃப்-35 விமானி போடும் ஹெல்மெட் மட்டும் கோடிக்கணக்கில் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சுமார் 4 லட்சம் டாலர், நம் காசில் மூன்றரைக் கோடி. விமானத்தின் கேமராக்கள் பார்ப்பதெல்லாம் கண் முன்னே கண்ணாடியில் தெரியும், கீழே குனிந்தால் தரை தெரியும். விமானியின் தலையை அளந்து அவருக்கென்றே பொருத்துவது, அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

மார்த்தாண்டம் வாசகர்: டிவி, செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் வருடாவருடம் விலை இறங்குகிறது. அதே எலக்ட்ரானிக்ஸ்தானே விமானத்திலும் இருக்கிறது, அது மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

செல்போன் கோடிக்கணக்கில் விற்கிறது, விமானம் டஜன் கணக்கில். ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் ஆகிற பணம் ஒன்று செய்தாலும் ஆயிரம் செய்தாலும் ஏறக்குறைய அதேதான், அதை எத்தனை விமானத்தின் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் விலை. பி-2 விமானத்தை 132 செய்வதாகத் திட்டம் போட்டார்கள். பனிப்போர் முடிந்தது, 21 போதும் என்று நிறுத்தினார்கள், எல்லாச் செலவும் அந்த 21இன் மேல் விழுந்து ஒன்று 200 கோடி டாலரைத் தாண்டியது. எஃப்-22 போர் விமானம் முதலில் 750 என்றார்கள், படைக்கு வந்தது 187. விலை கூடுகிறது என்று எண்ணிக்கையைக் குறைப்பார்கள், எண்ணிக்கை குறைந்ததால் விலை இன்னும் கூடும், அதைப் பார்த்து மறுபடி குறைப்பார்கள். எதிர்ப்பக்கத்துக்கு எஃப்-35இன் ஒரு ரகமான எஃப்-35ஏ உதாரணம், நூற்றுக்கணக்கில் செய்ததால் ஒரு கட்டத்தில் 8 கோடி டாலருக்குக் கீழேகூட வந்தது.

இரண்டாவது காரணம் மனம் மாறுவது. வரைந்து முடித்த பிறகு ஒரு ரேடார் மாற்று, இன்னொரு ஏவுகணை சேர் என்று படைத்தலைமை கேட்கும், ஒவ்வொன்றுக்கும் எடை கூடும், மின்சாரம் கூட வேண்டும், சாஃப்ட்வேரைத் திருத்திப் பறந்து பார்க்க வேண்டும். எஃப்-35இல் 80 லட்சம் வரிகளுக்கு மேல் நிரல் இருக்கிறது. 1945இல் ஒரு மஸ்டாங் போர் விமானம் 51 ஆயிரம் டாலர்தான், இன்றைய மதிப்பில் பார்த்தாலும் பத்து லட்சம் டாலருக்குள் முடிந்துவிடும். இந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் அமெரிக்க விமானத் தொழிலில் பெரிய பதவிகளில் இருந்த நார்மன் அகஸ்டின் கேலியாக ஒரு கணக்குச் சொன்னார்: இப்படியே போனால் 2054இல் அமெரிக்காவின் மொத்தப் பாதுகாப்பு பட்ஜெட்டுக்கும் ஒரே ஒரு விமானம்தான் வாங்க முடியும், வாரத்தில் மூன்றரை நாள் விமானப்படையும் மூன்றரை நாள் கடற்படையும் ஓட்டிக்கொள்ளட்டும், லீப் வருடத்தில் மிஞ்சுகிற ஒரு நாளை மரைன் என்கிற இன்னொரு படைக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று.

மணவாளக்குறிச்சி வாசகர்: எங்கள் ஊர் மணலில்தான் விமானம் செய்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். ஏதாவது உண்மை இருக்கிறதா, இல்லை வெறும் பெருமையா?

பாதி உண்மை. உங்கள் கடற்கரைக் கருமணலில் இருக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாது. ஆனால் உலகத்தில் தோண்டுகிற டைட்டானியத் தாதுவில் மிகப் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்டுக்குப் போகிறது, உலோகமாவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இவ்வளவு விலை. தாதுவைக் குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, அதை மக்னீசியத்தோடு மூடிய கலத்தில் சூடாக்கினால் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி கிடைக்கும், ஸ்பாஞ்ச் என்றே பெயர், அதை வெற்றிடத்தில் உருக்கி வார்க்க வேண்டும், காற்றுப் பட்டால் கெட்டது. நம் நாட்டில் இதற்கு இருக்கும் ஆலை கொல்லத்துக்குப் பக்கத்தில் சவறாவில், ஆண்டுக்கு 500 டன், இஸ்ரோ பணம் போட்டுக் கட்டியது.

வார்த்த பிறகும் செலவு முடியவில்லை. எஃப்-22இன் நடு உடம்பில் வரும் ஒரு பெரிய சட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று டன் டைட்டானியக் கட்டியை எடுத்துக் கடைந்து கடைந்து கடைசியில் 150 கிலோவுக்கும் குறைவாக நிறுத்துவார்கள், மீதி எல்லாம் சீவல். அந்த உலோகத்தை வேகமாகவும் கடைய முடியாது, சூடேறிக் கருவியின் முனை போய்விடும். ஒரு வேடிக்கை: அமெரிக்கா 1960களில் சோவியத்தை வேவு பார்க்கச் செய்த எஸ்.ஆர்-71 விமானம் ஏறக்குறைய முழுக்க டைட்டானியம், அதில் பெரும்பகுதியைப் போலிக் கம்பெனிகள் மூலம் சோவியத்திடமிருந்தே வாங்கினார்கள்.

உங்கள் ஊர் மணலுக்கு உலகப் புகழ் வந்த கதையும் வேடிக்கைதான். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட் என்ற கதிரியக்கத் தாதுவைக் கண்டுபிடித்து, தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். அன்றைக்கு அது கேஸ் விளக்கில் ஒளிரும் மேன்டில் வலைக்கு. இன்றைக்கு மோனசைட்டில் இருக்கிற அரிய மண் தனிமங்களுக்கு அடிபிடி, காரணம் விமான மோட்டார்களில் வரும் காந்தம். 2022இல் எஃப்-35இன் ஒரு பம்பில் இருந்த காந்தத்தின் கலவை சீனாவிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் விமான விநியோகத்தையே நிறுத்தி வைத்தார்கள். இவ்வளவு சொல்லிவிட்டு, கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் போராடுவதைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. விமானத்தின் விலைப்பட்டியலில் கதிர்வீச்சுக்குப் பயப்படுகிற ஊருக்கு என்று ஒரு வரி கிடையாது, என் அபிப்பிராயத்தில் இருக்க வேண்டும்.

தோவாளை மாணவர், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு: மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினையே சோதித்து ஓட்டுகிறோம். போர் விமான எஞ்சின் மட்டும் ஏன் வரவில்லை அண்ணா?

நல்ல கேள்வி மக்கா. ராக்கெட் எஞ்சின் ஒரு பயணத்தில் சில நிமிடம் எரிந்தால் அதன் வேலை முடிந்தது. விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம், ஏற்றியும் இறக்கியும், தூசியிலும் உப்புக்காற்றிலும் ஓட வேண்டும். அதில் டர்பைன் பிளேடு என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு துண்டு இருக்கிறது. அதன் மேல் அடிக்கிற வாயு, அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிடச் சூடானது. உருகாமல் இருக்க உள்ளே குடைந்து காற்றுப் போகும் வழி வைத்து, மேலே ஊசித்துளைகள் போட்டு, பீங்கான் மாதிரி ஒரு பூச்சும் கொடுத்து, முழுத் துண்டையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள், நடுவில் ஒரு படிக எல்லை வந்தாலும் தள்ளிவிட வேண்டியதுதான். இந்த வித்தையை முழுசாகக் கைவரப் பெற்ற நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவர்கள் விற்பார்கள், சொல்லித்தர மாட்டார்கள்.

நாம் 1989இல் தேஜஸுக்கென்று காவேரி எஞ்சினைத் தொடங்கினோம், எடை கூடியது, உந்துவிசை குறைந்தது, 2008இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். அதன் விளைவை இப்போது அனுபவிக்கிறோம். 2021இல் ஆர்டர் கொடுத்த 83 தேஜஸ் மார்க்-1ஏ-வில் முதலாவது 2024 மார்ச் வாக்கில் வந்திருக்க வேண்டும், ஆனால் அதற்கான முதல் எஞ்சினே 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவிலிருந்து வந்தது. கேட்டால், ஆர்டர் இல்லாமல் ஐந்து வருடம் மூடிக்கிடந்த உற்பத்தி வரிசையைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது என்றார்கள். படிப்பு முடிந்தால் பெங்களூரில் எஞ்சின் ஆராய்ச்சிக்கு முயற்சி செய்யுங்கள், அங்கே வேலை நிறைய பாக்கி இருக்கிறது.

குலசேகரம் வாசகர்: இனி எல்லாம் ட்ரோன்தான், விமானமே வேண்டாம் என்கிறானே என் பையன்?

2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன சின்ன ட்ரோன்களால் ரஷ்யாவின் பெரிய குண்டுவீச்சு விமானங்களை அடித்ததைப் பார்த்துச் சொல்லியிருப்பார். சின்ன ட்ரோன் மலிவுதான். ஆனால் கடல் தாண்டிப் பறந்து, ஒரு நாளுக்கு மேல் மேலேயே நின்று, ஏவுகணையும் சுமக்க வேண்டும் என்றால் அதுவும் விமான விலைதான். 2024 அக்டோபரில் இந்தியா 31 எம்.கியூ-9பி ட்ரோன்களுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 32,000 கோடி. அரக்கோணத்தில் கடற்படை வாடகைக்கு வைத்து ஓட்டிய அதே ரகத்தில் ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தும் இருக்கிறது. பையனிடம் சொல்லுங்கள், ஆள் உட்காரவில்லை என்பதால் காசு மிச்சம் ஆகாது.

தூத்தூர் வாசகர்: 2017இல் ஒக்கி புயல் வந்தபோது கடலில் எங்கள் ஆட்களைத் தேட நேரத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வரவில்லை. ஒரு ரஃபேல் காசில் எத்தனை மீட்பு விமானம் வாங்கலாம் என்று எழுதுங்கள்.

2023இல் விமானப்படைக்கு 6 டோர்னியர்-228 சிறு விமானங்கள் வாங்கியது 667 கோடிக்கு, ஒன்று 111 கோடி. வகுத்தல் கணக்கை நம்பாதே என்று மேலே எழுதிவிட்டு இதைச் செய்கிறேன், இருந்தாலும் ஒரு ரஃபேலுக்குப் பதினைந்து டோர்னியர் பக்கம் வரும்.

ஆனால் உங்களுக்குத் தெரியாததா, டோர்னியர் தேடிக் கண்டுபிடிக்கும், மிதவை போடும், ஆளைத் தூக்காது. தூக்குவதற்கு ஹெலிகாப்டர் வேண்டும், அதுவோ கரையிலிருந்து போய்த் திரும்புகிற எரிபொருளுக்குள்தான் போக முடியும், உங்கள் விசைப்படகுகள் தங்குகிற தூரம் அதற்கும் அப்பால். அங்கே கப்பல் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பினால்தான் உண்டு. 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து உங்கள் ஊர்கள் கேட்டது நியாயம். அதைக் கேட்க வேண்டிய இடம் ரஃபேல் பட்ஜெட் அல்ல, கடலோரக் காவல்படை பட்ஜெட், 2025-26க்கு அது 9,676 கோடி.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒக்கியில் முதல் அடி, எச்சரிக்கை படகுக்குப் போய்ச் சேராதது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் வைக்கும் திட்டம் 2024இல் தொடங்கியது, மொத்தச் செலவு சுமார் 360 கோடி. ஒரு லட்சம் படகுக்கும் சேர்த்து ஒரு தேஜஸ் விலையே ஆகவில்லை. உங்கள் படகில் வைத்தாகிவிட்டதா? இல்லையென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் போய் நிற்க வேண்டிய விஷயம் அது.

தக்கலை வாசகர்: அமெரிக்காக்காரன் இதில் ஏமாறவே மாட்டானா?

2024 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் தலைமை ஆய்வாளர் அறிக்கை வந்தது. சி-17 சரக்கு விமானத்தின் கழிப்பறையில் சோப்புத் திரவம் ஊற்றி வைக்கும் டப்பாவுக்குக் கடை விலையைப் போல 80 மடங்கு கொடுத்திருக்கிறார்கள். நம்மிடமும் சி-17 பதினொன்று இருக்கிறது.

வில்லுக்குறி வாசகி: என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பென்ஷனால்தான் விமானம் வாங்கக் காசில்லை என்று ஒருவர் டிவியில் சொன்னதைக் கேட்டு இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மைதானா?

2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் 1.61 லட்சம் கோடி, புதிதாக வாங்குவதற்கான மூலதனம் 1.80 லட்சம் கோடி, மூலதனத்துக்குள் விமானத்துக்கும் எஞ்சினுக்கும் 48,614 கோடி. பென்ஷன் பெரிய தொகை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டைப் பாருங்கள்: மூலதனத்துக்கு 1.72 லட்சம் கோடி ஒதுக்கி, திருத்திய மதிப்பீட்டில் 1.595 லட்சம் கோடியாக அரசே குறைத்தது. காசில்லாமல் இருந்தால் ஒதுக்கியது மிஞ்சுமா? விமானத்துக்குப் பணம் தவணை தவணையாக, வேலை முடிந்த அளவுக்குத்தான் போகும், எஞ்சின் வராமல் தேஜஸ் நின்றால் கொடுக்க வேண்டிய தவணையும் நிற்கும். இந்தப் பக்கத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள் அக்கா. அந்த டிவிக்காரருக்கு அவர் பதில் எழுதினால் ஒரு நகல் இங்கேயும் அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.